வெட்டலாமா, விடலாமா: ஒரு பேக்கேமன் ஆட்டத்தில் நான்கு முடிவுகள்

இரண்டு பேர் பகடை உருட்டிக் காய் நகர்த்தி ஆடும் பேக்கேமனில் எதிராளியின் காயை எதற்காக வெட்டுகிறோம் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: அவரை ஓட்டத்தில் பின்னுக்குத் தள்ள. இந்தப் பதில் போதாது என்பதைக் காட்டத்தான் இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். இதில் நாம் பார்க்கப்போகும் மூன்று வெட்டுகளும் சேர்ந்து கறுப்புக்கு ஏற்படுத்திய இழப்பு மொத்தமே 14 பிப் (ஒரு பிப் என்பது ஒரு கட்ட நகர்வு). ஒரு உருட்டலின் சராசரியே 8 பிப்புக்குச் சற்று மேல் என்பதால், அது இரண்டு உருட்டலுக்குக்கூடக் காணாது. ஆனாலும் ஆட்டத்தைத் தீர்மானித்தவை அந்த மூன்று வெட்டும், நடுவில் கைக்கெட்டியும் வெட்டாமல் விட்ட ஒன்றும்தான்.

வெட்டு பறிப்பது தூரத்தைவிட அதிகமாக நேரத்தை. வெட்டுப்பட்ட காய் பாரில், அதாவது பலகையின் நடுப்பட்டையில், இருக்கும்வரை எதிராளி வேறு எந்தக் காயையும் தொட முடியாது. ஏறுவதற்கே, அதாவது நம் வீட்டுக்குள் மறுபடி நுழைவதற்கே, ஒரு பகடை செலவாகிவிடும், ஏற முடியாவிட்டால் முழு உருட்டலும் போச்சு. அதனால் வெட்டுமுன் நான் பார்ப்பது, இப்போது அவர் கையில் ஒரு முழு உருட்டலைக் கொடுத்தால் அது அவருக்கு நல்லது செய்யுமா, கெடுதல் செய்யுமா என்பதைத்தான். நல்லது செய்யும் என்றால் பறிக்க வேண்டும். கெடுதல் செய்யும் என்றால் தாராளமாக உருட்ட விட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் யோசிப்பதே இல்லை.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. கட்ட எண்கள் எல்லாம் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணியவை, கறுப்பின் கட்டம் என்று தனியாகச் சொன்னால் மட்டும் கறுப்பின் பக்கத்திலிருந்து. 13/8 என்றால் 13இலிருந்து 8க்கு ஒரு காய். பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அங்கே வெட்டு. வீடு என்பது ஒருவரின் 1 முதல் 6 வரையிலான கட்டங்கள். இரண்டு காயாவது சேர்ந்து நிற்கும் கட்டம் பூட்டிய கட்டம், எதிராளி அங்கே இறங்க முடியாது; தனியாக நிற்கும் காயைத்தான் வெட்ட முடியும். வாய்ப்புகள் எல்லாம் இரண்டு பகடையின் 36 உருட்டல்களில் எத்தனை என்ற கணக்கு. பந்தயத்தை இரட்டிப்பாக்கப் பயன்படும் டபுளிங் கியூப் தனிக் கதை என்பதால் அதை இதில் கொண்டுவரவில்லை.

முதல் வெட்டு

கறுப்பு 4-3 உருட்டி ஆட்டத்தைத் தொடங்கியது. பின்னால் இருந்த இரண்டு காய்களில் ஒன்றைத் தன் 24இலிருந்து 20க்கு ஏற்றி, தன் 13இலிருந்து ஒன்றை 10க்கு இறக்கியது. கறுப்பின் 20 என்பது வெள்ளையின் 5ஆம் கட்டம், அதாவது இரண்டு பேருக்கும் வேண்டிய இடம். அங்கே இப்போது ஒரு தனிக்காய் நிற்கிறது. வெள்ளைக்கு 5-1 விழுந்தது.

5 பிரச்சினையில்லை, 13/8. அந்த 1ஐ என்ன செய்வது? 24/23 என்று சாதுவாக ஆடலாம், 6/5* என்று வெட்டலாம். வெட்டினால் வெள்ளையின் காயும் 5இல் தனியாகத்தான் நிற்கும்.

பிப் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வெட்டு முட்டாள்தனமாகத் தெரியும். கறுப்பு இழப்பது 5 பிப். திருப்பி வெட்டுப்பட்டால் வெள்ளை இழப்பது 20 பிப். திருப்பி வெட்டும் உருட்டல்களை எண்ணினால் இன்னும் பயமாக இருக்கும்: எந்த 5 வந்தாலும் பாரிலிருந்து நேராக வெட்டு, அது 11, 4-1, 4-2, 4-3 வந்தால் சின்ன எண்ணில் ஏறி, பின்னால் இருக்கும் இன்னொரு காயால் 4 நகர்ந்து வெட்டு, அது 6, 4-4 ஒன்று, 3-2 இரண்டு, 2-2 ஒன்று. மொத்தம் 21. 36இல் 21! 6-4 மட்டும் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் 6ஆம் கட்டம் பூட்டியிருப்பதால் ஏறுவதற்கே அந்த 4 செலவாகிவிடும்.

இருந்தாலும் வெட்டுவதுதான் சரி, 13/8, 6/5*. காரணம், வெட்டாமல் விட்டால் கறுப்பு என்ன செய்யும் என்று பாருங்கள். பின்னால் இருக்கும் காயை 4 நகர்த்தி அதே இடத்தில் ஜோடி சேர்த்து ஆங்கர், அதாவது எதிராளியின் வீட்டுக்குள்ளேயே ஒரு பூட்டிய கட்டம், போட்டுவிடும்; அதற்கு எல்லா 4களும், 3-1, 2-2, 1-1 என்று 15 உருட்டல்கள். வெள்ளையின் 5ஆம் கட்டத்தில் ஆங்கர் விழுந்துவிட்டால் அப்புறம் கறுப்பை முழுசாக அடைத்து வைப்பது என்ற பேச்சே முடிந்தது. ஆங்கர் வராத உருட்டல்களும் சும்மா போகாது. 6-1 வந்தால் தன் 7ஆம் கட்டத்தைப் பூட்டும், 5-3 வந்தால் 10இலிருந்தும் 8இலிருந்தும் இறங்கித் தன் 5ஆம் கட்டத்தைப் பூட்டும். வெட்டிவிட்டால் அதே 6-1இல் 1 ஏறுவதற்குப் போய்விடும், 6 மட்டும் மிஞ்சும், எதுவும் பூட்ட முடியாது. 5-3 திருப்பி வெட்டும் உருட்டல்தான், ஆனால் அந்த 5 பாரிலிருந்து ஏறியதில் போய்விடுவதால் தன் வீட்டில் கட்டம் பூட்ட முடியாது. அவருடைய நல்ல உருட்டல்கள் எல்லாம் பாதியாகின்றன.

சரி, அந்த 21 விழுந்தால்? வெள்ளை பாருக்குப் போகும், 20 பிப் இழக்கும். ஆனால் கறுப்பின் வீட்டில் பூட்டியிருப்பது 6ஆம் கட்டம் ஒன்றுதான், அதனால் 36இல் 35 உருட்டல்களில் ஏறிவிடலாம். கறுப்பின் வீடு காலியாக இருக்கும்போது வெட்டுப்படுவது விலை குறைந்த விபத்து. தைரியமாக ஆடுவதா, பாதுகாப்பாக ஆடுவதா என்பதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் பால் மக்ரியல் 1970களில் எழுதிவைத்த அளவுகோல்களில் எதிராளியின் வீட்டுப் பலமும் ஒன்று. அது பலவீனமாக இருந்தால் தைரியமாக ஆடு என்பார். இன்றும் அது மாறவில்லை.

ஒரு சின்ன விஷயம் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஆட்டத் தொடக்கத்தில் 1 வந்தால் 6/5 என்று காயைத் தனியாக இறக்கி வைப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அதற்கு எதிராளியின் வெட்டு வாய்ப்பு 15தான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்ட் டெசாரோ 1992 வாக்கில் உருவாக்கிய டிடி-கேமன் என்ற நரம்பியல் வலை நிரல் 24/23 என்று பிரிப்பதை விரும்பியது, மனித ஆட்டக்காரர்களும் பின்னால் அதையே பின்பற்றினார்கள். அதாவது 15 வெட்டு வாய்ப்பு கொடுக்கும் 6/5ஐக் கைவிட்டோம், ஆனால் 21 வாய்ப்பு கொடுக்கும் 6/5*ஐ இன்றும் விரும்பி ஆடுகிறோம். காய் ஒன்றுதான், போய் நிற்கும் இடமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம் அந்த வெட்டு, அது பறிக்கும் அரை உருட்டல். அரை உருட்டலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வெட்டு, மூன்று வழிகள்

கறுப்புக்கு 6-3. அந்த 21இல் ஒன்றுகூட வரவில்லை. 3இல் ஏறி வெள்ளையின் 3ஆம் கட்டத்தில் நின்றது. 6ஐ வைத்துப் பின்னால் இருந்த காயை வெள்ளையின் 7ஆம் கட்டத்துக்கு ஓட்டியது. இப்போது 3இல் ஒரு தனிக்காய், 7இல் ஒரு தனிக்காய், எதிர்ப்பக்கம் 15இல், அதாவது கறுப்பின் 10இல், இன்னொரு தனிக்காய். வெள்ளைக்கும் 6-3 விழுந்தது. வெள்ளை எதை வேண்டுமானாலும் வெட்டலாம்.

முதல் வழி 24/15*. கறுப்புக்கு 15 பிப் நஷ்டம், இருக்கும் வெட்டுகளிலேயே பெரியது. ஓட்டம் ஓட்டம் என்று நினைப்பவர் கை இங்கேதான் போகும். ஆனால் வெள்ளையின் வீட்டுப் பக்கம் இருக்கும் இரண்டு கறுப்புக் காய்களையும் அது தொடவே இல்லை. வெள்ளையின் 5இல் தனிக்காய், 15இல் தனிக்காய், 24இல் தனிக்காய். கறுப்புக்கு 5 வந்தாலும் வெட்டு, 3இலிருந்து 2 நகர்ந்தாலும் வெட்டு, நடுவில் குவிந்திருக்கும் காய்களிலிருந்து 3 நகர்ந்தாலும் வெட்டு. இது வேண்டாம்.

இரண்டாவது வழி இரட்டை வெட்டு: 13/7*, 6/3*. நேரத்தைப் பறிப்பதுதான் முக்கியம் என்று நான் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் இதுதான் சிறந்ததாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் இரண்டு காய்கள் பாரில் இருந்தால் கறுப்பின் இரண்டு பகடையும் ஏறுவதற்கே போய்விடும். ஆனால் ஏறும்போதே வெட்டலாமே. 3, 5, 7 மூன்றிலும் வெள்ளை தனித்தனியாக நிற்கும். 3 அல்லது 5 வந்தால் வெட்டு, அது 20. 1-1 வந்தாலும் இரண்டு காயும் ஏறி, ஒன்று மேலே நகர்ந்து 3இல் வெட்டிவிடும், ஆக 21. ஏற்கெனவே 21ஐத் தாங்கினோமே என்று கேட்கலாம். அப்போது வேறு நல்ல வழி இல்லை, இப்போது இருக்கிறது.

மூன்றாவது வழி 13/7*, 8/5. ஒரு வெட்டு, கூடவே 5ஆம் கட்டத்தில் ஜோடி. கறுப்புக்கு நஷ்டம் 7 பிப்தான். வெள்ளையின் பலவீனம் 7இல் நிற்கும் ஒரே ஒரு தனிக்காய். அதை வெட்ட 6-1, 5-2, 4-3, 4-2, 4-1 ஆகியவை பத்து, 4-4 ஒன்று, ஆக 11. முன்பு சாதாரணமாக வெட்டியிருக்கக்கூடிய 5-4, 6-4 இரண்டும் இப்போது பயன்படாது, 5ம் 6ம் பூட்டியிருப்பதால் ஏறவே அந்த 4 வேண்டும். 2-2ம் நடக்காது, போகும் வழியில் 5ஆம் கட்டம் குறுக்கே நிற்கிறது. 5-5, 6-6, 6-5 வந்தால் கறுப்பு ஏறவே முடியாது, அது 4.

வெள்ளை ஆடியது இதுதான், நானும் யோசிக்காமல் இதையே ஆடுவேன். வெட்டு பறிக்கும் நேரம் ஒரே ஒரு திருப்பத்துக்குத்தான் வரும். அந்த நேரத்துக்குள் நிலையாக ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரட்டை வெட்டு இரண்டு மடங்கு நேரத்தைப் பறித்தாலும் கையில் எதையும் கட்டித் தரவில்லை. இதுவே வெள்ளையின் வீட்டில் ஏற்கெனவே மூன்று நான்கு கட்டங்கள் பூட்டியிருந்தால் என் பதில் மாறும், அப்போது கறுப்பு ஏறுவதே கஷ்டம் என்பதால் இரட்டை வெட்டு கொல்லும். ஒரே கட்டம் பூட்டியிருக்கும்போது இல்லை.

ஓட்டக் கணக்கு என்ன ஆனது என்று பார்த்தால் வெள்ளை 152, கறுப்பு 163. பதினொரு பிப் முன்னிலை, பெரிய விஷயமில்லை. 5ஆம் கட்டம்தான் பெரிய விஷயம்.

வெட்டாமல் விட்டது

கறுப்பு அந்த 11ஐயும் தவறவிட்டது. அடுத்து வந்த திருப்பங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வெள்ளை வரிசையாகக் கட்டங்களைப் பூட்டி அடைப்பை நீட்டியது, பின்னால் இருந்த தன் இரண்டு காய்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டது. கறுப்பு ஒரு காயைத் தப்பவைத்தது, ஒன்று மாட்டிக்கொண்டது. நிலை இப்படி வந்து நின்றது:

வெள்ளை: 13இல் 2, 8இல் 2, 7இல் 2, 6இல் 3, 5இல் 2, 4இல் 2, 3இல் 2.

கறுப்பு: வெள்ளையின் 2ஆம் கட்டத்தில் ஒரு தனிக்காய். மற்ற பதினான்கும் தன் வீட்டில்: 6, 5, 4 ஆகிய கட்டங்களில் இரண்டிரண்டு, 3இல் 3, 2இல் 3, 1இல் 2.

3 முதல் 8 வரை வெள்ளையின் ஆறு கட்டங்கள் அடைப்பு, முழு பிரைம். கறுப்பின் அந்த ஒற்றைக் காய் எந்த எண் வந்தாலும் அசைய முடியாது. ஆனால் கறுப்பின் வீடும் ஆறு கட்டமும் பூட்டியிருக்கிறது. வெள்ளை ஒரு காயை இழந்தால் அந்த வீடு உடையும்வரை பாரிலேயே கிடக்க வேண்டியதுதான். ஓட்டத்தில் வெள்ளை 98, கறுப்பு 70. வெள்ளைக்கு 4-2 விழுந்தது.

28 பிப் பின்தங்கியிருக்கிறோம், 4ஐ வைத்து 6/2* வெட்டலாம், கூடுதல் காய்தான், பிரைமும் உடையாது. கை தானாகப் போகும் வெட்டு இது. போகக் கூடாது.

கறுப்பின் அடுத்த உருட்டல் கறுப்பை என்ன செய்யும்? மாட்டிய காய் நகராது, ஆக வரும் எண்ணையெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஆடித் தீர்க்க வேண்டும். உபரியாக இருப்பவை 3இல் ஒன்று, 2இல் ஒன்று, அவை இரண்டும் 1க்குப் போக மொத்தம் 3 பிப். ஒரு காய் வெளியே இருப்பதால் காய்களைப் பலகையிலிருந்து எடுக்கவும் அனுமதியில்லை, அதனால் 6 வந்தால் ஆட வழியில்லை. இதை வைத்து எண்ணிப்பார்த்தால் வீடு உடையாமல் தப்பிக்கும் உருட்டல்கள் 6-6, 6-1, 6-2, 2-1 மட்டும், மொத்தம் 7. மீதி 29இலும் ஏதாவது ஒரு கட்டம் உடைந்தே ஆக வேண்டும்.

6/2*, 13/11 என்று வெட்டினால்? கறுப்பு 16 உருட்டல்களில் ஏற முடியாது. ஏற முடியாததை வெற்றி என்று நினைப்போம், ஆனால் ஏறாத கறுப்பு எதையும் ஆட வேண்டியதில்லை, வீடு அப்படியே பத்திரமாக இருக்கும். உடைந்துகொண்டிருக்க வேண்டிய வீட்டுக்கு நாமே ஓய்வு கொடுக்கிறோம். 2கள் பதினொன்றும் 1-1ம் சேர்த்து 12 உருட்டல்களில் வெள்ளை வெட்டுப்படும், அதுவும் குறைந்தது ஐந்து கட்டம் பூட்டிய வீட்டுக்கு எதிராக. வீடு உடையும் உருட்டல்களை மறுபடி எண்ணினால் 29 என்பது 13ஆகக் குறைந்திருக்கும். அந்த 13இலும் 7இல் கறுப்பு நம்மைத் திருப்பி வெட்டிவிட்டுத்தான் உடையும். ஆக நமக்கு எந்தச் சேதமும் இல்லாமல் கறுப்பு உடைவது வெறும் 6. 29ஐக் கொடுத்துவிட்டு 6ஐ வாங்குகிறோம்.

இன்னொரு யோசனையும் வரும்: 6/2*, 4/2 என்று 2இல் ஜோடியாகவே வெட்டினால்? அப்போது 4இல் ஒரு காய் தனியாகிவிடும். பாரிலிருந்து எந்த 4 வந்தாலும் வெட்டு, 3-1 வந்தாலும் வெட்டு, 13. தனியாக வெட்டியதைவிட ஒன்று கூடுதல்.

வெள்ளை 13/7 ஆடியது. 13இல் ஒரு காய் தனியாக நிற்கிறது, ஆனால் அடைபட்ட காய் அதை எட்ட வழியே இல்லை. ஆபத்து பூஜ்யம். ஓட்டத்தில் 28 பின்தங்கியிருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஓட முடியாத காயை வைத்துக்கொண்டு ஓட்டத்தில் முன்னிலை இருந்து என்ன பயன்.

கறுப்புக்கு 5-3. 6/1, 6/3 என்று தன் 6ஆம் கட்டத்தைக் கலைத்தது. வெள்ளைக்கு 5-1. இப்போதும் 7/2* என்று வெட்டலாம், ஆனால் கறுப்பின் வீட்டில் இன்னும் ஐந்து கட்டங்கள் பூட்டு, வெட்டுப்பட்டால் ஏற 11 உருட்டல்கள்தான். வெள்ளை 13/8, 7/6 ஆடி மறுபடி காத்திருந்தது. இந்த இரண்டாவது பொறுமைதான் கஷ்டம், ஒரு கட்டம் உடைந்ததைப் பார்த்ததும் கை பரபரக்கும்.

கறுப்புக்கு 4-2. 4ஐ ஆட 5/1 ஒன்றுதான் வழி. மிஞ்சிய காயைத் தனியாக விட மனமில்லாமல் 5/3 என்று அதையும் இறக்கியது. இப்போது கறுப்பின் வீட்டில் 5ம் 6ம் திறந்துகிடக்கின்றன, 3இல் ஐந்து காய், 1இல் நான்கு காய் என்று குவிந்து கிடக்கிறது.

கடைசி வெட்டு

வெள்ளையின் நிலை: 8இல் 3, 7இல் 2, 6இல் 4, 5, 4, 3 ஆகியவற்றில் இரண்டிரண்டு. உருட்டல் 4-3. வெள்ளை ஆடியது 6/2*, 8/5.

கறுப்பு திருப்பி வெட்டும் வாய்ப்பு அப்போது இருந்த அதே 12தான், மாறவில்லை. கறுப்பு இழக்கும் தூரமும் அப்போது இழந்திருக்கக்கூடிய அதே 2 பிப்தான். மாறியிருப்பது வெட்டுப்பட்டால் நேரும் கதி. திறந்திருக்கும் இரண்டு கட்டங்களில் வெள்ளை 20 உருட்டல்களில் ஏறலாம். திருப்பி வெட்டுப்பட்டு, அடுத்த உருட்டலில் ஏறவும் முடியாமல் போவது இரண்டும் சேர்ந்து நடக்க சுமார் 15 சதவீதம்தான் வாய்ப்பு, அப்படியே நடந்தாலும் கறுப்பின் காய் இன்னும் பிரைமுக்குப் பின்னால்தான் இருக்கும், கறுப்பின் வீடு இன்னும் மோசமாகிக்கொண்டே போகும்.

இன்னும் ஒரு திருப்பம் காத்திருக்கக் கூடாதா என்றால், 8/4, 6/3 என்று ஆடிக் காத்திருக்கலாம்தான். ஆனால் வெள்ளைக்கும் உபரி தீர்ந்துகொண்டிருக்கிறது. அப்படி ஆடிவிட்டால் 8இல் இரண்டே காய்தான் இருக்கும், அடுத்த உருட்டலில் ஒரு 6 வந்தாலே 8ஐயோ 7ஐயோ பிரிக்க வேண்டும், 2ஆம் கட்டத்தை மூட உதவும் காய்களும் தாழ்ந்த கட்டங்களுக்குள் புதைந்துவிடும். இப்போது வெட்டினால் 8, 6, 5 மூன்றிலிருந்தும் 2ஐ மூடலாம், 6, 4, 3 இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலே போதும், அதுவே 27 உருட்டல்கள். இந்த மாதிரி நிலையில் எதிராளியின் வீடு உடைவதும் நம் உபரி தீர்வதும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்; முதலாவது போதுமான அளவு நடந்து, இரண்டாவது இன்னும் நடக்காத அந்த ஒரு திருப்பம்தான் வெட்டும் நேரம்.

கறுப்புக்கு 5-4, ஏற முடியவில்லை. வெள்ளைக்கு 6-1, 8/2, 8/7. 2 முதல் 7 வரை ஆறு கட்டமும் அடைப்பு. 8ஐ விட்டுவிடலாம், இனி அது வேண்டியதில்லை. கறுப்பு 1 போட்டு ஏறினாலும் ஏறிய இடத்திலிருந்து நகர முடியாது, அதற்குள் அதன் வீட்டில் மிச்சமிருக்கும் 4ஆம் கட்டமும் கலைந்துவிடும்.